ஹீட்டர் வாடைக்கு ஊதுபத்தி மருந்தல்ல

மார்கழி பிறந்தால் போதும், மூணாறு, வட்டவடை, காந்தளூர் பக்கமிருந்து ஒரே புகார்: "கேஸ் ஹீட்டரப் போட்டா கண்ணு எரியுது, ஒரு மாதிரி வாடை வருது." அறைக்குள் போய்ப் பார்த்தால் மூலையில் ஊதுபத்தி புகைகிறது. ஜன்னல் இடுக்கில் பழைய துணி திணித்திருக்கிறது. ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். மூன்றும் தப்பு. எத்தனை தடவை சொன்னாலும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலும் ஹோம்ஸ்டேயிலும் இதே காட்சிதான்.

முதலில் எந்த வாடை என்று பிரித்துப் பாருங்கள். அழுகிய முட்டைக்கோஸ் நெடி என்றால் எரியாத கேஸ் கசிகிறது. (அந்த நெடி கேஸுடையது இல்லை, கசிந்தால் தெரியட்டும் என்று கலக்கும் எத்தில் மெர்காப்டன். சிலிண்டர் தீரும் நேரத்தில் கொஞ்சம் தூக்கலாகவே அடிக்கும்.) ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வாருங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். வென்டிலேட்டரை மட்டும் திறந்தால் போகாது. கசிவுக்கு உதவி எண் 1906. இடத்தைத் தேட டியூப் முனைகளில் சோப்பு நுரை தடவினால் போதும், குமிழி விடும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன், செய்யாதீர்கள்.

கண்ணைக் கரிக்கும் காரல் நெடி என்றால் கேஸ் அரைகுறையாக எரிகிறது. மாதக்கணக்கில் மூலையில் கிடந்த ஹீட்டரில் பெரும்பாலும் இரண்டே காரணம்: செராமிக் தட்டில் படிந்த கம்பளித் தூசி, ஜெட்டுக்கும் (கேஸ் பீறிடும் நுண்துளை) பர்னருக்கும் நடுவே காற்று இழுக்கும் குழாயில் சிலந்திக் கூடு. தட்டு முழுக்கச் சீராகச் சிவந்திருக்க வேண்டும். கறுத்த திட்டோ, மஞ்சள் நாக்கோ, கம்பி வலையில் கரியோ தெரிந்தால் அணைத்துவிடுங்கள். நன்றாக ஆறியபின் மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டலாம், ஈரத்துணி கூடாது. விரிசல் விட்ட தட்டை மாற்றத்தான் வேண்டும். ஜெட்டை ஊசியால் குத்தாதீர்கள், துளை மயிரிழை பெருத்தாலும் கேஸ் கூடிவிடும். ஹோட்டல் அடுப்பின் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டினாலும் அதே கதி.

மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. எர்ணாகுளத்துக் கடையில் பளிச்சென்று எரிந்த ஹீட்டர் இங்கே வந்து திணறுவதற்கு இதுவும் காரணம். இந்த உயரத்துக்கு ஏற்றதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

ஊதுபத்தி, கொசுவத்தி, புதுப் பெயின்ட் ஆவி தீயில் பட்டாலும் நெடி வரும். புது ஹீட்டர் என்றால் வெளியில் வைத்து அரைமணி நேரம் எரிய விடுங்கள்.

இப்போது எனக்குக் கோபம் வரும் பேச்சு: "வாடை நின்னுடுச்சு, இனி பயமில்ல." கேஸ் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் விஷவாயு கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. நீங்கள் முகர்ந்த காரல் நெடி அதனுடன் வந்த துணை மட்டும். துணையை ஊதுபத்தியால் மறைத்தால் விஷம் அங்கேயேதான் இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை 200 மடங்குக்கு மேல் வலுவாக அது பிடித்துக்கொள்ளும். வாளித் தண்ணீரில் அது கரைந்து போகாது. காற்று வறண்டுவிடும் என்ற பயமும் வேண்டாம். மூன்று தட்டும் எரியும் ஹீட்டர் மணிக்கு 300 கிராம் கேஸ் எடுக்கும். அதிலிருந்தே அரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். காலையில் கண்ணாடி ஜன்னலில் வழிவது அதுதான். வாளியை எடுத்துவிடுங்கள். துணியையும் உருவுங்கள்: கீழே ஒன்று, மேலே ஒன்று, காற்றுக்கு இரண்டு வழி கட்டாயம்.

ஆக்சிஜன் 18 சதவீதம் பக்கம் இறங்கினால் தானாக அணையும் பைலட் (பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடர்) சில ஹீட்டர்களில் உண்டு. "அடிக்கடி அணையுது, அதக் கழட்டி விடுங்க" என்று கேட்காதீர்கள். காற்று போதவில்லை என்று அது சொல்கிறது.

ஹோம்ஸ்டே நடத்துபவர்களே, விருந்தாளி தூங்கும் முன் ஹீட்டரையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். அறையில் இருந்த எல்லோருக்கும் ஒருசேரத் தலைவலி, குமட்டல் என்றால் மலையேறிய களைப்பு என்று சொல்லிப் படுக்க வைக்காமல் வெளியே கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள். அதற்கு ஆக்சிஜனுக்கும் மோனாக்சைடுக்கும் வித்தியாசம் தெரியாது. மூடிய அறையில் கேஸ் ஹீட்டர் எரிந்தது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.