ஆறு வாரம் ஷட்டவுன் வேலை, ரெஸ்யூமில் எட்டு மாதம்

கடலூர் சிப்காட்டில் ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் சமயத்தில், ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பையன்களை ஒப்பந்ததாரர்கள் ஆறு வாரம், இரண்டு மாதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதே பையன் பிறகு சேதராப்பட்டிலோ திருபுவனையிலோ முதல் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஆறு வாரம் எட்டு மாதமாகியிருக்கும். ஒப்பந்ததாரர் பெயர் போய், ஆலையின் பெயர் வந்திருக்கும். அனுபவத்தை அடியோடு கற்பனையாக எழுதுகிறவர்கள் குறைவு. இருந்ததை இழுத்து நீட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இதில் பரிதாபம், அந்தப் பையன் அங்கே உண்மையிலேயே வேலை பார்த்திருப்பான். ஆனால் சரிபார்ப்புக் கடிதம் ஆலையின் எச்.ஆருக்குப் போனால், "எங்கள் ரோலில் இப்படி ஒருவர் இல்லை" என்றுதான் பதில் வரும். சம்பளம் போட்டவர் ஒப்பந்ததாரர், பி.எஃப். பிடித்திருந்தால் அதுவும் அவர் பெயரில்தான். பி.எஃப். உறுப்பினருக்குரிய உங்கள் 12 இலக்க யு.ஏ.என். எண்ணின் சர்வீஸ் ஹிஸ்டரியில் நிறுவனத்தின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை முதலிலேயே கேட்கும் நிறுவனங்களும் உண்டு.

இப்படி எழுதினால் போதும்: "ஃபிட்டர் ஹெல்பர். வேலை கொடுத்தவர்: (ஒப்பந்ததாரர் பெயர்). பணியிடம்: (ஆலையின் பெயர்), சிப்காட், கடலூர். 2024 மே 6 முதல் ஜூன் 15 வரை. சீனியர் ஃபிட்டரின் மேற்பார்வையில் பம்ப் கிளாண்ட் பேக்கிங், ஃபிளாஞ்ச் கேஸ்கட் மாற்றுதல்."

'ஹெல்பர்' என்று எழுதக் கூச்சம் வேண்டாம். பம்பின் தண்டு வெளியே வரும் இடம்தான் கிளாண்ட், அங்கே கசிவைக் கட்டுப்படுத்தத் தண்டைச் சுற்றிப் போடும் வளையங்கள்தான் பேக்கிங். இந்த வரியைப் படிக்கும் பொறியாளர் அடுத்துக் கேட்பது, "பேக்கிங் மாத்தி பம்பை ஓட்டினதும் கிளாண்டுல தண்ணி சொட்டணுமா, சொட்டக்கூடாதா?" வேலையைத் தொடாதவர் "சொட்டவே கூடாது சார்" என்பார். கூட நின்று பார்த்தவருக்குத் தெரியும்: கொஞ்சம் சொட்டத்தான் வேண்டும், இறுக்கிவிட்டால் பேக்கிங் கருகும், தண்டின் மேலுறையான ஸ்லீவ் தேயும். வளையங்களின் வெட்டு வாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் 90 டிகிரி தள்ளித் தள்ளிப் போட வேண்டும் என்பதையும் அவர் கையை அசைத்தே காட்டிவிடுவார். ஆறு வாரம் நேர்மையாகப் பார்த்த வேலைக்கு இந்தப் பதில் போதும். எட்டு மாதம் என்று எழுதியிருந்தால் கேள்விகளும் எட்டு மாத அளவுக்கு வரும்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது: வேலை பார்த்ததையே மறைத்து 'ஃபிரஷர்' என்று போடுவது. சேரும்போது நிரப்பும் படிவம் 11-இல், முன்பு பி.எஃப். உறுப்பினராக இருந்தீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். "இல்லை" என்று டிக் அடித்துவிட்டால், ஆதாரைச் சேர்க்கும்போது பழைய யு.ஏ.என். எழுந்து வரும். ஒப்பந்ததாரர் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால் இன்னும் சிக்கல். நீங்கள் இன்னமும் அங்கே வேலையில் இருப்பதாகவே காட்டும். கடைசியாகப் பணம் செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் 'மேனேஜ்' பகுதிக்குள் 'மார்க் எக்ஸிட்' போய், ஆதார் ஓ.டி.பி. கொடுத்து நீங்களே பதியலாம். விண்ணப்பிக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

நெய்வேலியில் ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்தவர்கள் 'பணியாளர்' என்று எழுத வேண்டாம். 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சியாளர்தான், தொழிலாளி அல்ல, பி.எஃப். பிடிப்பதும் இல்லை. 'பணியாளர்' என்று போட்டால் "ஒரு வருஷத்துக்குப் பி.எஃப். எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. கல்லூரிக் காலத்தில் ஆலைக்குப் போய்ப் பார்த்த பதினைந்து நாள் இன்பிளான்ட் டிரெய்னிங்கும் அனுபவத்தில் சேராது, படிப்பின் கீழ் போகட்டும்.

பி.எஃப். இல்லை என்பதாலேயே அனுபவம் பொய்யாகிவிடாது. இருபது பேருக்குக் குறைவாக இருக்கும் இடங்களில் பெரும்பாலும் அது இருக்காது. மஞ்சக்குப்பத்து ஹார்டுவேர் கடையில் கணக்குப் பார்த்தவர், சனி ஞாயிறுகளில் புதுச்சேரி ஓட்டலில் பரிமாறியவர் எல்லாம் அதைத் தாராளமாக எழுதலாம். வாரத்தில் எத்தனை நாள், என்ன வேலை, யாரிடம் கேட்டால் உறுதி செய்வார் என்ற மூன்றும் இருக்கட்டும். முதலாளியிடம் தேதியும் கையெழுத்தும் போட்டு நான்கு வரிக் கடிதம் வாங்கி வையுங்கள். ஜிபேயில் சம்பளம் வந்திருந்தால் பாஸ்புக் பதிவும் சாட்சிதான்.

அனுபவச் சான்றிதழைக் காசுக்கு விற்கும் கன்சல்டன்சிகளைப் பற்றி ஒன்று மட்டும். பொய்ச் சான்றிதழை மெய்யானதுபோல் கொடுப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 340-ஆம் பிரிவில் வரும் குற்றம். வாங்கிக் கொடுத்தவர் போனை அணைத்துவிடுவார். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது.

ஏற்கெனவே நீட்டி எழுதி அனுப்பிவிட்டீர்களா? ஆஃபர் கடிதம் வரும் முன்பே எச்.ஆருக்கு இரண்டு வரி மெயில் அனுப்புங்கள்: "என் ரெஸ்யூமில் பணிக்காலமும் வேலை கொடுத்தவர் பெயரும் தவறாக உள்ளன. திருத்திய ரெஸ்யூமை இணைத்துள்ளேன்." விளக்கம், கதை எதுவும் வேண்டாம். இணைத்த கோப்பில் தேதிகள் சர்வீஸ் ஹிஸ்டரியோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.