வினா 17-க்குப் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி

வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் ஓ.எம்.ஆர். தாள்களை இயந்திரம் திருத்தி முடித்ததும், மதிப்பெண் பட்டியலோடு கூடவே இரண்டு மூன்று பக்க அறிக்கை ஒன்றும் வெளியே வரும். பட்டியலை எடுத்துக்கொண்டு அறிக்கையைக் கோப்பில் செருகிவிடுவதுதான் பெரும்பாலான ஆசிரியர்களின் வழக்கம். தேர்வுத் தரவுகளைப் பகுத்துக் கொடுப்பது என் தொழில். நான் கொடுத்த அறிக்கைகள் மடிப்புக்கூடக் கலையாமல் அடுத்த ஆண்டு அதே கோப்பில் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எண்களைக் கண்டு மிரள்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். காரணம் வேறு. மாணவர்களைப் பற்றித்தான் மதிப்பெண் பட்டியலே சொல்லிவிட்டதே, இனி இது எதற்கு என்று எண்ணுகிறார்கள். அறிக்கை பேசுவது வினாத்தாளைப் பற்றி. வகுப்பில் 40 பேர் தேர்வு எழுதினார்கள் என்றால், 41-ஆவதாகத் தேர்வுக்கு உட்பட்டது அந்த வினாத்தாள்.

அறிவியல் ஆசிரியை ஒருவர் ஒருமுறை அறிக்கையைக் கையில் பிடித்தபடி வந்தார். கோபம் மாணவர்கள்மீது.

“இதைப் பாருங்கள் சார். வினா 17. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் தப்பாக எழுதியிருக்கிறார்கள். கடைசி வரிசையில் இருப்பவர்கள் சரியாக எழுதியிருக்கிறார்கள். பார்த்து எழுதிவிட்டார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.”

வினா இதுதான்: தாவரங்கள் எப்போது சுவாசிக்கின்றன? (அ) பகலில் மட்டும் (ஆ) இரவில் மட்டும் (இ) பகலிலும் இரவிலும் (ஈ) மழைக்காலத்தில் மட்டும்.

அறிக்கையில் அந்த வினாவுக்கு நேரே இரண்டு எண்கள் இருந்தன. கடினக் குறியீடு 0.40. பிரித்தறியும் திறன் −0.36.

முதல் எண்ணை எடுத்துக்கொள்வோம். இதன் பெயரே ஆளைக் குழப்பும். சரியாக விடையளித்தவர்களின் எண்ணிக்கையை மொத்தப் பேரால் வகுத்தால் கிடைப்பதுதான் கடினக் குறியீடு. 40 பேரில் 16 பேர் சரியாக எழுதினால் 0.40. அதாவது எண் கூடக்கூட வினா எளிது. பெயர் ஒரு பக்கம் போகிறது, எண் மறுபக்கம் போகிறது. எளிமைக் குறியீடு என்று யாராவது பெயர் வைத்திருந்தால் எனக்குப் பாதி விளக்கம் மிச்சமாகியிருக்கும். நான்கு விடை கொண்ட கொள்குறி வினாவில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக 0.25 வந்துவிடும். ஆகவே அந்த வகை வினாவில் 0.30 என்பது ‘முப்பது சதவீதம் பேருக்குத் தெரிந்திருக்கிறது’ என்று பொருள்படாது. அநேகமாக யாருக்கும் தெரியவில்லை என்றுதான் அதைப் படிக்க வேண்டும்.

0.40-ஐ மட்டும் பார்த்திருந்தால் ‘சற்றே கடினமான வினா’ என்று அடுத்த வரிக்குப் போயிருப்போம். மாட்டிவிட்டது இரண்டாவது எண்.

நன்றாகப் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் ஒரு வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதுதான் பிரித்தறியும் திறன். அதைக் கையாலேயே கணக்கிட்டுவிடலாம். மொத்த மதிப்பெண்படி விடைத்தாள்களை அடுக்கி, மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம் எடுக்க வேண்டும். 40 பேர் என்றால் பக்கத்துக்கு 11 பேர். இந்த 27 எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். இரு குழுக்களும் ஒன்றுக்கொன்று போதிய அளவு விலகியும் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் போதிய ஆட்களும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒத்துவரும் அளவு இதுதான் என்று அமெரிக்க உளவியலாளர் ட்ரூமன் கெல்லி 1939-இல் கணக்கிட்டுக் காட்டினார். மேல் குழுவில் சரியாக எழுதியவர்களிலிருந்து கீழ்க் குழுவில் சரியாக எழுதியவர்களைக் கழித்து, ஒரு குழுவின் எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது. சில மென்பொருள்கள் இதற்குப் பதிலாக ஒவ்வொரு வினாவுக்கும் மொத்த மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்புக் கெழுவை, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்ணை, தரும். படிக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

வினா 17-இல் விடைகள் விழுந்திருந்த விதம் இப்படி. மேல் குழு 11 பேரில் (ஆ) என்றவர்கள் 2, (இ) என்றவர்கள் 9. கீழ்க் குழு 11 பேரில் (அ) 1, (ஆ) 6, (இ) 2, (ஈ) 2. விடைக்குறிப்பு (ஆ)-வைச் சரி என்கிறது. இரண்டிலிருந்து ஆறைக் கழித்துப் பதினொன்றால் வகுத்தால் −0.36.

“விடைக்குறிப்பை நீங்கள்தான் போட்டீர்களா?” என்று கேட்டேன்.

அவர் வினாவை ஒருமுறை படித்தார். பிறகு மறுபடியும் படித்தார். “தாவரம் இரவும் பகலும்தானே சுவாசிக்கும்,” என்றார் மெதுவாக. முந்தைய ஆண்டின் வினாவை எடுத்து விடைகளின் வரிசையை மாற்றியிருக்கிறார். விடைக்குறிப்பில் பழைய (ஆ) அப்படியே நின்றுவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

குறிப்பைத் திருத்தியதும் சரியாக எழுதியவர்கள் 18 பேர் ஆனார்கள். கடினக் குறியீடு 0.40-இலிருந்து 0.45-க்குத்தான் நகர்ந்தது. பிரித்தறியும் திறனோ −0.36-இலிருந்து 0.64-க்குப் பாய்ந்தது. அதே வினா, அதே விடைத்தாள்கள்.

கழித்தல் குறி வரும்போதெல்லாம் விடைக்குறிப்புத்தான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் தட்ட வேண்டிய கதவு அது. அடுத்தது வினாவின் வாசகம். நன்றாகப் படித்தவர்கள் கூடுதலாக யோசித்து இன்னொரு விடையும் பொருந்துவதைக் கண்டுபிடித்திருப்பார்கள். ‘அல்லாதது எது’ என்ற வினாவில் ‘அல்லாதது’ கண்ணில் படாமல் போயிருக்கும். மாணவர்கள் பார்த்து எழுதினார்கள் என்ற முடிவுக்கு வருவதற்கு முன் இவ்வளவும் இருக்கிறது.

விடைக்குறிப்பைத் திருத்தினால் மதிப்பெண் பட்டியலையும் திருத்த வேண்டும். அது அவ்வளவு இனிய வேலையன்று. 18 பேருக்கு ஒரு மதிப்பெண் ஏறியது, 16 பேருக்கு ஒன்று இறங்கியது. கொடுத்ததைத் திரும்ப வாங்குவது எப்படி என்று ஆசிரியை தயங்கினார். இரு தரப்புக்கும் மதிப்பெண் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டார். இரண்டு விடையும் பொருந்துகிற வினாவாக இருந்தால் அப்படிச் செய்யலாம். இங்கே ஒன்று சரி, மற்றது தவறு. தவறான விடைக்கு மதிப்பெண் கொடுத்தால் ‘தாவரம் இரவில்தான் சுவாசிக்கும்’ என்பதற்கு ஆசிரியரே கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்றேன். வகுப்பில் தம் தவற்றைச் சொல்லியே மாற்றினார்.

எந்த அளவு இருந்தால் நல்ல வினா? கல்வி அளவீட்டு அறிஞர் ராபர்ட் ஈபல் வகுத்த எல்லைகளைத்தான் பல அறிக்கைகள் இன்றும் பின்பற்றுகின்றன: 0.40-க்கு மேல் மிக நன்று, 0.30 முதல் 0.39 வரை நன்று, 0.20 முதல் 0.29 வரை திருத்தத்துக்கு உரியது, அதற்கும் கீழே என்றால் நீக்கலாம் அல்லது மாற்றி எழுதலாம். இவற்றைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 11 பேர் கொண்ட குழுவில் ஒரே ஒரு மாணவர் மனம் மாறினால் எண் 0.09 நகர்ந்துவிடும். தலைவலியோடு வந்த ஒரு பிள்ளையால் ‘நன்று’ என்ற வினா ‘திருத்துக’ ஆகிவிடலாம். சிறிய வகுப்புகளில் ஒரே தேர்வை வைத்து வினாவைத் தூக்கி எறியாதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறையும் பாருங்கள்.

ஏறக்குறைய யாரும் தேர்ந்தெடுக்காத தவறான விடைகளும் கவனிக்கத் தக்கவை. வினா 17-இல் (ஈ)-யைப் பாருங்கள். மொத்தமே மூன்று பேர்தான் அதைத் தொட்டார்கள். நான்காவதாக ஒன்று வேண்டுமே என்பதற்காகச் சேர்த்தது என்று ஆசிரியையே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். நூற்றுக்கு ஐந்து பேர்கூட நாடாத விடை இருந்தும் பயனில்லை என்பது பொதுவான அளவுகோல். இது அதைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். அப்படி ஒரு விடை செத்துக் கிடந்தால் நான்கு விடை வினா உண்மையில் மூன்று விடை வினா. தவறான விடையையும் மாணவர் மனத்தில் உள்ள தவறான கருத்திலிருந்தே எடுக்க வேண்டும். இரவில் மட்டுமே தாவரம் சுவாசிக்கும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அதனால்தான் (ஆ)-வை 16 பேர் பிடித்துக்கொண்டார்கள். எந்தப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும் என்பதை அந்த 16-தான் ஆசிரியைக்குச் சொன்னது.

கடைசி வினாக்களில் விடையே குறிக்காமல் விட்டவர்கள் திடீரென்று கூடினால், கடினத்தைத் தேட வேண்டாம். நேரம் போதவில்லை.

இனி அறிக்கையின் முதல் பக்கம். சராசரியை எல்லோரும் பார்க்கிறார்கள், பரவலை யாரும் பார்ப்பதில்லை. 50 மதிப்பெண் தேர்வில் பத்துப் பேர் 12, 13, 14, 14, 15, 38, 39, 40, 41, 42 என்று வாங்கினால் சராசரி 26.8. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. ‘வகுப்பு நடுத்தரமாக இருக்கிறது’ என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு நடுத்தரமாகப் பாடம் நடத்தினால் யாருக்கு நடத்துகிறோம்?

அதே பக்கத்தின் கீழே நம்பகத்தன்மைக் கெழு என்று ஒன்று இருக்கும். இதே போன்ற தேர்வை மறுபடி வைத்தால் மதிப்பெண்கள் எவ்வளவு மாறாமல் நிற்கும் என்பதை மதிப்பிடும் எண் அது. கே.ஆர்.-20 என்றோ ஆல்ஃபா என்றோ போட்டிருப்பார்கள். முதலாவது கூடர், ரிச்சர்ட்சன் இருவரும் 1937-இல் தந்தது. 20 என்பது அவர்கள் கட்டுரையில் அந்தச் சூத்திரத்தின் வரிசை எண். தேர்வில் 20 வினா இருக்க வேண்டும் என்பதல்ல. அப்படி என்னிடம் வாதிட்டவரும் உண்டு. ஆல்ஃபா க்ரான்பாக் 1951-இல் விரிவாக எழுதியது. வகுப்புத் தேர்வுக்கு 0.70 இருந்தால் போதும் என்பார்கள். பத்து வினாத் தேர்வில் 0.50 வந்தால் பதற வேண்டாம். அதே தரத்தில் இன்னும் பத்து வினா சேர்த்தால் கணக்குப்படி 0.67-க்கு ஏறும்.

ஆனால் இந்தக் கெழுவை எதற்காகப் போடுகிறார்கள் என்பதை நான் கேட்காத கூட்டமில்லை. அதை வைத்து அளவீட்டுப் பிழையைக் கணக்கிட வேண்டும், அதற்காகத்தான். ஒன்றிலிருந்து நம்பகத்தன்மையைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, மதிப்பெண்களின் பரவலை அளக்கும் திட்ட விலக்கத்தால் பெருக்க வேண்டும். நம்பகத்தன்மை 0.75, திட்ட விலக்கம் 6 என்றால் பிழை 3 மதிப்பெண். 24 வாங்கிய பிள்ளையின் உண்மை நிலை பெரும்பாலும் 21-க்கும் 27-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று பொருள். தேர்ச்சிக்கு 25 வேண்டும் என்று விதி இருக்கிறது, விதி இருந்துதான் ஆக வேண்டும். ஆனால் 24-க்கும் 26-க்கும் உள்ள இடைவெளியை வைத்து ஒரு பிள்ளையைத் திட்டி மற்றதைத் தட்டிக்கொடுப்பதற்கு இந்தத் தேர்வில் ஆதாரம் இல்லை. முதல் இடம், இரண்டாம் இடம் என்று ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் வரிசைப்படுத்தி ஒட்டுகிற பலகைகளைப் பார்க்கும்போது, அதன் அடியில் இந்த 3-ஐயும் அச்சிடச் சொல்ல வேண்டும் போல் இருக்கும்.

அந்த ஆசிரியை அடுத்த ஆண்டும் வந்தார். சுவாசம், ஒளிச்சேர்க்கை இரண்டையும் தனித்தனியே பிரித்து, ஒரு வகுப்பு முழுவதும் அதற்கே செலவிட்டுப் பாடம் நடத்தியதாகச் சொன்னார். அதே வினாவைத் திருத்திய விடைக்குறிப்போடு மறுபடி கேட்டிருந்தார். 40 பேரில் 36 பேர் சரி. மேல் குழுவில் பதினொருவரும், கீழ்க் குழுவில் ஒன்பது பேரும். பிரித்தறியும் திறன் 0.18. எல்லை 0.20 அல்லவா, மென்பொருள் அந்த வரிக்குச் சிவப்பு அடித்து ‘வினாவை மாற்றவும்’ என்று போட்டிருந்தது.

இது மென்பொருளின் குற்றமன்று. பிள்ளைகளை வரிசைப்படுத்தும் தேர்வில் 0.18 குறைவுதான். கற்றுக்கொண்டார்களா என்று பார்க்கும் தேர்வில் எல்லோரும் கற்றுக்கொண்டால் பிரிப்பதற்கு என்ன மிச்சமிருக்கும்? மதிப்பெண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கினால் நம்பகத்தன்மைக் கெழுவும் கூடவே இறங்கும். நன்றாக நடத்திய பாடத்துக்கு மட்டமான அறிக்கை வருவது இந்த எண்களின் பிறவிக் குணம்.

இதை விளக்கத் தொடங்கினேன். அதற்குள் அவர் அந்தச் சிவப்பு வரியின் ஓரத்தில் பேனாவால் ‘தேவையில்லை’ என்று எழுதிவிட்டு, “வினா 23-ஐப் பார்ப்போம் சார், அதில் கழித்தல் குறி இருக்கிறது,” என்றார்.