நாலாம் நம்பரில் மட்டும் காற்று வருவது ஏன்?

"கார் ப்ளோயரை 1, 2, 3-ல் வைத்தால் காற்றே இல்லை. 4-ல் மட்டும் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. மோட்டாரை மாற்றணும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அவசரப்பட வேண்டாம். 4-ல் முழு வேகத்தில் சுற்றுகிற மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. போனது ரெசிஸ்டர். ஏசிக்கும் ஹீட்டருக்கும் ப்ளோயர் ஒன்றுதான். குமிழ் வைத்த சாதாரண கார்களில் 4-ல் 12 வோல்ட் நேராக மோட்டாருக்குப் போகும். கீழ் வேகங்களில் நடுவே ரெசிஸ்டரின் மின்தடைச் சுருள்கள் வரும். அவற்றோடு தொடரிணைப்பில், சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் ஒரு வெப்ப ஃபியூஸ். அது அறுந்தால் 1, 2, 3 மூன்றும் ஒன்றாகப் படுத்துவிடும். ஒரே ஒரு வேகம் மட்டும் போயிருந்தால் அந்தச் சுருளையோ சுவிட்சையோ பாருங்கள்.

சரி, வெப்ப ஃபியூஸ் ஏன் அறுந்தது? இதைக் கேட்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் திரும்ப அறுந்துவிடும்.

மோட்டார் சுருளின் தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி 12 வோல்ட்டில் 60 ஆம்பியர் பாய வேண்டும். ஓடும்போதோ 16 ஆம்பியர்தான் எடுக்கிறது. காந்தப் புலத்துக்குள் சுற்றும் சுருள் தானே ஒரு டைனமோவாகி, வருகிற மின்னழுத்தத்தை எதிர்த்துத் தள்ளுவதுதான் காரணம். இதுதான் எதிர் மின்னியக்கு விசை. வேகம் கூடினால் எதிர்ப்பும் கூடும். தன் மின்னோட்டத்தைத் தானே அடக்கி வைத்திருக்கிறது மோட்டார், சுற்றிக்கொண்டிருக்கும் வரை.

இப்போது குமிழை 3-ல் வையுங்கள், நடுவே 0.5 ஓம். மோட்டார் நன்றாகச் சுற்றினால் 8 ஆம்பியர். ரெசிஸ்டரில் பிறக்கும் வெப்பம் 8 × 8 × 0.5, அதாவது 32 வாட். தண்டைத் தாங்கும் புஷ் துருவேறி மோட்டார் இறுகி நின்றுவிட்டால் எதிர் விசை பூஜ்யம். 12-ஐ 0.7-ஆல் வகுத்தால் 17 ஆம்பியர். வெப்பம் ஏறத்தாழ 145 வாட்! ஃபியூஸ் பாக்ஸில் இருக்கும் 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு 17 ஒரு பொருட்டே இல்லை, அது அசையாது. ரெசிஸ்டரைக் குளிர்விப்பது ப்ளோயரின் காற்றுதான். அதற்காகவே அதைக் காற்றுக் குழாய்க்குள் பொருத்துகிறார்கள். மோட்டார் நின்றால் அந்தக் காற்றும் நிற்கும். வெப்ப ஃபியூஸ் காவல் இருப்பது இந்த ஒரு கணத்துக்காகத்தான்.

காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்தால் மோட்டாருக்கு லோடு கூடும் என்று பலரும் சொல்வார்கள். தவறு. ப்ளோயரில் இருக்கும் உருளைக் காற்றாடிக்கு, தள்ளும் காற்று குறைந்தால் வேலையும் குறையும். வேக்கம் கிளீனர் குழாயை உள்ளங்கையால் அடைத்தால் வேலை குறைந்த மோட்டார் வேகமெடுத்து, சத்தம் கீச்சென்று ஏறுவது அதனால்தான். அடைத்த ஃபில்டர் கெடுப்பது ரெசிஸ்டரை. குளிர்விக்கும் காற்று அதற்குப் போவதில்லை.

வெப்ப ஃபியூஸ் போன இடத்தில் ஒரு துண்டு ஒயரை வைத்து ஈயம் பற்றவைத்துத் தருகிறவர்கள் உண்டு. எனக்கு இதைவிட ஆத்திரம் தரும் ரிப்பேர் வேறில்லை. பிரிட்டனில் வாக்ஸ்ஹால் ஸஃபீரா பி கார்கள் தொடர்ந்து தீப்பிடித்து, 2015-ல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்ப அழைக்கப்பட்டன. ரெசிஸ்டரின் வெப்ப ஃபியூஸை யாரோ முறைகேடாகப் பழுதுபார்த்ததே காரணம் என்றது நிறுவனம். திரும்ப அழைத்துச் சரிசெய்த கார்களிலும் சில எரிந்தன. 2016-ல் மறுபடி அழைத்தார்கள். ஆட்டோமேடிக் கிளைமேட் கன்ட்ரோல் இல்லாத வண்டிகளுக்குத்தான் இந்த வம்பு. அது இருப்பவற்றில் சுருளுக்குப் பதில் டிரான்சிஸ்டர் மாட்யூல்.

எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார் கனெக்டர். கனெக்டரைக் கழற்றி வைத்து மல்டிமீட்டரில் 12 வோல்ட் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கருகிய முனையும் லோடு இல்லாதபோது 12 காட்டும். 21 வாட் பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி மோட்டார். ஸ்க்ரூடிரைவர் பிடியால் மோட்டாரை லேசாகத் தட்டினால் ஓடத் தொடங்குகிறதா? கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

மோட்டாரை மாற்றுவது பெரிய வேலையில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் சில நிமிடம் பொறுங்கள். பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸை இறக்கினால் அடியில் மோட்டார் தெரியும், பொதுவாக மூன்று ஸ்க்ரூ. காற்றுப்பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாய் இருந்தால் அதை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். மோட்டாரைக் குளிர்விப்பது அதுதான். காற்றாடி இதழில் இருக்கும் குட்டி உலோக கிளிப்பை அழுக்கென்று பிடுங்காதீர்கள். அது பேலன்ஸுக்கு வைத்த எடை. ரெசிஸ்டர் கனெக்டர் பழுப்பேறி உருகியிருந்தால் அதையும் ஒயரோடு மாற்றுங்கள்.

புது மோட்டார் போட்டும் காற்று மந்தமாக வருகிறதா? ஒயர் இரண்டும் இடம் மாறியிருக்கும். இந்தக் காற்றாடி தலைகீழாகச் சுற்றினாலும் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், பலவீனமாக.