வலிக்காத புண்

போன மாதம் தொண்டிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர், அவருடைய அப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு திரும்பவும் உள்ளே வந்தார். பின்னாலேயே அப்பா. “டாக்டர், எங்கப்பாவ சோம்பேறின்னு எழுதியிருக்கீங்க. விடியக்காலம் மூணு மணிக்குக் கடலுக்குப் போற மனுசன் அவரு.”

அப்பாவின் காலில் இருந்த புண்ணைப் பற்றி நான் எழுதியது ‘இன்டொலென்ட் அல்சர்’. அல்சர் என்றால் புண். ‘இன்டொலென்ட்’ என்பதை மாணவர் செல்போனில் பார்த்திருக்கிறார், ‘சோம்பலான’ என்று வந்திருக்கிறது. அவர் மேல் தப்பில்லை. லத்தீனில் ‘டொலேரே’ என்றால் வலித்தல். முன்னால் வரும் ‘இன்’ இல்லை என்று சொல்வது. வலியில்லாத என்பதுதான் மூலப்பொருள். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில மருத்துவத்துக்குள் அந்தப் பொருளோடு வந்துவிட்டது. சோம்பேறி பின்னால் வந்து சேர்ந்தது. நோவுக்கு ஒதுங்குகிறவன், பாடுபடாதவன். நம் ‘பாடு’ கூட அப்படித்தானே? துன்பமும் பாடு, உழைப்பும் பாடு, கடற்கரையில் மீன்பாடும் பாடு.

சரி, புண்ணுக்கு வருகிறேன். வலது கால் பெருவிரலுக்கு அடியில் தடித்த காய்ப்பு, நடுவில் பயறு அளவு குழி. சுத்தம் செய்தபோது உள்ளேயிருந்து சிப்பி ஓட்டுத் துண்டு ஒன்று வந்தது. எப்போது குத்தியது என்றே அவருக்குத் தெரியாது. “வலிச்சாத்தானே டாக்டர் பாப்போம்” என்றார். பல வருடமாகக் கட்டுப்படாத சர்க்கரை, கால் நரம்புகளின் உணர்வைக் கெடுத்துவிடுகிறது. கரைவலை இழுக்கும்போது சுடுமணலில் பாதம் வெந்தாலும் தெரிவதில்லை.

1ஆம் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ், அழற்சிக்கு நான்கு அடையாளம் எழுதி வைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. சர்க்கரை உள்ளவர் காலில் நான்காவது வராமலே போகலாம். மற்ற மூன்றையும் நாம்தான் தேட வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. அதனால் புறங்கையை இரண்டு பாதத்திலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். தினமும் ராத்திரி வீட்டில் யாராவது உள்ளங்காலைப் பார்க்கட்டும். வருடத்துக்கு ஒரு தடவை, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. ‘உப்புத்தண்ணி பட்டா ஆறிடும்’ என்று தயவுசெய்து விடாதீர்கள். கடல்நீரில் உள்ள சில கிருமிகள் சர்க்கரைக்காரரின் புண்ணில் வேகமாகப் பரவும். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் துணி சுற்றிய காலோடு கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமாரிடமும் இதைத்தான் சொல்கிறேன்: ஈரத்துணி பாறையின் கூர்மையைத் தடுக்காது.

அந்த மாணவர் கடிதத்தின் கீழே தமிழிலும் எழுதித் தரச் சொன்னார். ‘வலியில்லாத புண்’ என்று எழுதினேன். வாசித்துவிட்டுக் குனிந்து, அப்பாவின் இடது காலைத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு காய்ப்பு, அதன் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.