உணரி இருக்க உணர்திறன் எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனை (எண்ணெய்ப்பனை) நடுவோருக்கு நடந்த விளக்கக் கூட்டத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். தலைப்பு: 'மேம்பட்ட பொருள் மண் ஊட்டச்சத்து உணர்திறன்'. பக்கத்தில் இருந்த பெரியவர், தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்த பழைய மண்டோர், இரண்டு முறை படித்துவிட்டு "தம்பி, இது உரமா, மருந்தா?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. மண்ணில் உள்ள சத்தை அளக்கும் சென்சார் கருவியைப் பற்றிய தாள் அது. சென்சாருக்கு உணர்திறன் என்று எழுதுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பொறுமை போய்விட்டது.

சென்சாரின் வேர், உணர்தலைக் குறிக்கும் லத்தீன் வினை. தமிழில் உணர் + இ, உணரி. சரி, அவ்வளவுதான்.

உணர்திறன் கருவியின் பெயரே அல்ல, கருவிக்குள்ள குணம். பொட்டாசியம் உணரியின் முனையில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். அதில் கலந்துள்ள வாலினோமைசின் என்ற சேர்மம், மற்ற அயனிகளை விட்டுப் பொட்டாசியத்தையே தேடிப் பிடிக்கும். கரைசலில் பொட்டாசியம் 10 மடங்கு கூடினால், 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். அந்த மாற்றத்தின் அளவுதான் உணர்திறன். கருவிக்கும் அதையே பெயராக வைத்தால் 'இந்த உணர்திறனுக்கு உணர்திறன் குறைவு' என்றுதான் எழுத வேண்டிவரும். அளவீடு நிலையாக நிற்கச் சவ்வுக்கு அடியில் கிராஃபீன், கார்பன் நுண்குழாய் போன்ற நுண்ணிய கார்பன் பொருட்களைப் பூசுகிறார்கள். தலைப்பில் உள்ள 'மேம்பட்ட பொருள்' இவைதான். தாளைப் படித்தால் கருவி எதனால் ஆனது என்றும் தெரியவில்லை, எதை அளக்கிறது என்றும் தெரியவில்லை.

உணரி என்றால் தோட்டத்து மக்களுக்குப் புரியாதாம். மண்வெட்டி புரிகிறது, களைக்கொல்லி புரிகிறது. வெட்டுவது வெட்டி, கொல்வது கொல்லி என்று தினமும் புழங்குகிறவர்களுக்கு உணர்வது உணரி என்பதா புரியாது? தாளின் பின்பக்கம் 'மண்சத்து உணரி' என்று எழுதிக் காட்டினேன். "எவ்வளவு ஆழத்துல குத்தணும்?" என்று உடனே கேட்டார் அந்தப் பெரியவர்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்குமுன் தோட்டத்துக்கு ஒரு நடை வந்து போகலாம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று விவசாயத் தமிழில் அழகாக இருக்க, தாள் முழுக்க நைட்ரஜன் ஊட்டச்சத்து, பாஸ்பரஸ் ஊட்டச்சத்து. பொட்டாசியச் சத்தைக் குறிக்கும் பொட்டாஷ் என்ற ஆங்கிலப் பெயரே சட்டியில் காய்ச்சிய மரச்சாம்பலிலிருந்து வந்தது. வாழைக்கு அடுப்புச் சாம்பல் போட்ட வீடுகளில் வளர்ந்த நமக்கு, சாம்பல்சத்து என்று எழுத என்ன தயக்கம்? அடுத்த தாளிலாவது 'புதுவகைப் பொருட்களால் செய்த மண்சத்து உணரி' என்று அச்சிடுங்கள்.