ஐநூறு யூனிட்டுக்கு இந்தப் பக்கம்

"மீட்டர் தாறுமாறா ஓடுது, வந்து பாருங்க" என்று கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலும் மீட்டர் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஒயரிங், மோட்டார், ஃபேன் ரிப்பேர் என்று அலைகிற எனக்கு இது பழகிப்போன விஷயம். அந்த வீடுகளில் சிக்கனத்துக்கும் பஞ்சம் இருக்காது. சார்ஜரைப் பிடுங்கி வைப்பார்கள். படிக்கிற பிள்ளைக்கு ஒரு லைட்டு போதும் என்பார்கள். ஹாலில் படுக்கிற பெரியவர் புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு ஃபேனை இரண்டிலேயே வைத்திருப்பார். அந்த ரெகுலேட்டர் பழைய பெட்டி மாடலாக இருந்தால், மிச்சமாக வேண்டிய கரண்ட்டில் ஒரு பங்கு ரெகுலேட்டரிலேயே சூடாகிப் போய்க்கொண்டிருக்கும்.

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். போன் மாட்டாத சார்ஜர் இரண்டு மாதம் முழுக்கப் பிளக்கில் கிடந்தாலும் அரை யூனிட் தாண்டாது. 20 வாட் எல்.இ.டி. பட்டி லைட்டை தினம் நாலு மணி நேரம் எரித்தால் அறுபது நாளைக்கு ஐந்து யூனிட்டுக்கும் கீழே. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் சுற்றினால் அதே அறுபது நாளில் 72 யூனிட். மூன்று ஃபேன் சுற்றுகிற வீட்டில் 216. லைட்டை அணைக்கச் சொல்லிப் பிள்ளையைத் திட்டுவதில் பயன் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் தமிழ்நாட்டு வீட்டு மின் கட்டணத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழே 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கான சலுகை விலையும் போய்விடும். 2024 ஜூலையில் மாறிய கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 510 யூனிட் ஓடினால் 2,124. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! கட்டணம் மாறும்போது தொகை மாறும், ஆனால் இந்தப் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சிக்கனம் பிடிப்பது இருட்டில் இறங்குகிற மாதிரிதான்.

அதனால் நான் போகிற வீடுகளில் முதலில் சொல்வது, ரீடிங் எடுத்த தேதியை மின்வாரிய வெள்ளை அட்டையில் பாருங்கள், அதிலிருந்து முப்பதாவது நாள் மீட்டரில் கே.டபிள்யு.எச். (kWh, அதுதான் யூனிட்) என்று வரும்போது தெரிகிற எண்ணைக் குறித்து வையுங்கள் என்பதுதான். முன் ரீடிங்கைக் கழித்தால் 250-ஐத் தாண்டியிருக்கிறதா என்று தெரியும். தாண்டியிருந்தால் சரிசெய்ய இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது. எட்டாவது படிக்கிற பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். கணக்கைத் தானே போட்ட பிள்ளை, ஆளில்லாத ரூமில் ஃபேன் சுற்றினால் உங்களையே அதட்டும்.

போன கோடையில் ஒரு வீடு. புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பாட்டி, இரண்டு பிள்ளைகள். ஏ.சி. ராத்திரி மட்டும்தான். ஆனாலும் பில் எகிறிக்கொண்டே போகிறது. மீட்டர் பக்கத்தில் நின்று கேட்டேன்: "அம்மா, மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுறீங்க?" பாட்டிதான் பதில் சொன்னார்: "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தம்பி. முன்னெல்லாம் ஒரு தடவை போட்டாலே போதும்." விஷயம் அங்கேதான் இருந்தது. மேல் பாத்ரூம் ஃபிளஷ் டேங்க்கில் நாலு சொட்டு நீலம் விட்டு, யாரையும் உபயோகிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன். பீங்கானில் நீலம் வழிந்து கிடந்தது. உள்ளே வாஷர் தேய்ந்துபோய், சத்தமே இல்லாமல் ராப்பகலாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். தினம் முக்கால் மணி நேரம் வீணாக ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். வாஷரின் விலை ஒரு டீ, வடைக்கு மேல் ஆகாது.

சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. மீட்டரில் ஒரு சிவப்பு லைட்டு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். எட்டு முறை மினுக்கினால் 150 வாட் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். இன்வெர்ட்டர் சார்ஜ் ஆகலாம், ஃபிரிட்ஜை அணைக்க மறந்திருக்கலாம், ரிமோட்டில் மட்டும் அணைத்த டி.வி.யும் செட்டாப் பாக்ஸும் இருக்கலாம். 10 வாட் இழுக்கிற செட்டாப் பாக்ஸ் இரவு பகலாகக் கிடந்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். இவை எதுவுமே இல்லாமல் மினுக்கினால் எங்கேயோ லீக்கேஜ். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.

எல்லோரும் கேட்பது பி.எல்.டி.சி. (BLDC) என்கிற, கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை ஃபேன் பற்றி. வாங்கலாமா? 30 வாட் அளவில்தான் இழுக்கும், ஆகவே மேலே சொன்ன பதினாறு மணி நேரக் கணக்கில் ஒரு ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம். நீங்கள் 450 யூனிட் ஓட்டுகிற வீடு என்றால், மேலே சொன்ன 2024 கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 270 ரூபாய் பக்கம் குறையும்; மூவாயிரம் ரூபாய் ஃபேன் இரண்டு வருஷத்தில் கட்டுப்படியாகும். 180 யூனிட்டிலேயே முடிக்கிற சின்னக் குடும்பத்துக்கு இதே மிச்சம் நூறு ரூபாய்தான், போட்ட காசு வர ஐந்து வருஷம். அவர்களிடம், இருக்கிற ஃபேன் ரிப்பேர் ஆகும்வரை ஓட்டுங்கள் என்றுதான் சொல்வேன். விளம்பரம் இப்படிப் பிரித்துச் சொல்லாது.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, காற்றே வரவில்லை என்று ஏ.சி. வாங்கியவர்களும் உண்டு. ஃபேனுக்குள் இருக்கும் கண்டன்சர் (கெப்பாசிட்டர்) போயிருக்கும், அவ்வளவுதான். மாற்றினால் பழையபடி சுற்றும். இறக்கையில் படிந்த தூசியையும் துடையுங்கள். ஏ.சி.யை 24-ல் வைத்துக் கூடவே ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்கிற கணக்கு. கீஸரை அரை மணி நேரம் முன்னால் போட்டுவிட்டுப் பிள்ளையை எழுப்பப் போகாதீர்கள், எழுந்த பிறகு போடுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது. ரப்பரை மட்டும் மாற்றலாம், ஃபிரிட்ஜை மாற்ற வேண்டியதில்லை.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் இருக்கிறது. கீஸருக்கு மெல்லிசு ஒயர் போதும் என்பார்கள். எர்த் எதற்கு, இவ்வளவு நாள் ஓடியதே என்பார்கள். கரண்ட் லீக் ஆனால் தானாகவே விழுந்து சப்ளையை நிறுத்துகிற பாதுகாப்பு சுவிட்ச் ஆர்.சி.சி.பி. (RCCB). அது அடிக்கடி விழுகிறது, அதை விட்டுவிட்டு நேராகக் கொடுத்துவிடுங்கள் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு, எந்தச் சாமான் லீக் ஆகிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடுவேன். அதற்கு அரை நாள் கூலி ஆகலாம். கொடுக்க வேண்டிய கூலிதான். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடு என்றால், ஃபேன் மாற்ற வைத்திருக்கும் பணத்தை முதலில் அதற்குப் போடுங்கள். இருக்கிற வீட்டில் மாதம் ஒரு தடவை, ரீடிங் குறிக்கும்போதே, அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றியாக வேண்டும்.