கடன் விதி மாறினால் முதலில் தேதியைப் பாருங்கள்

லேத் பட்டறை நடத்தும் கிளையண்ட் ஒருவர், போன மாதம் தன் வங்கி கொடுத்த கடன் சாங்ஷன் லெட்டரோடு வந்தார். "சார், வேற பேங்க்ல வட்டி கம்மியா தர்றாங்க. ஆனா இவங்க, ஓடியை, அதான் ஓவர்டிராஃப்ட் கடனை, மாத்தணும்னா 2 பர்சன்ட் கட்டிட்டுப் போங்கறாங்க."

லெட்டரின் நாலாம் பக்கத்தில் அந்த ஷரத்து இருந்தது. முந்தைய ஆண்டு லெட்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எழுத்துக்கு எழுத்து அதேதான். தேதியும் வட்டியும் மட்டும் வேறு. புதுப்பித்த மாதம் 2026 ஜனவரி.

அந்த மாதத்தில்தான் விஷயமே இருக்கிறது. 2025 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. குறு, சிறு நிறுவனங்கள் தொழிலுக்காக வாங்கும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வணிக வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது. வேறு வங்கி டேக்ஓவர் செய்தாலும் சரி, இத்தனை மாதம் கழித்துத்தான் அடைக்கலாம் என்ற நிபந்தனையும் கிடையாது. ஆனால் 2026 ஜனவரி 1 முதல் சாங்ஷன் ஆன அல்லது புதுப்பித்த கடன்களுக்குத்தான் இது பொருந்தும். சிறு நிதி வங்கி, கிராம வங்கி என்றால் 50 லட்சம் வரையிலான கடனுக்கு மட்டும்.

புதுப்பித்த தேதியைக் குறிப்பிட்டு, குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவுக்கான உத்யம் சான்றிதழை இணைத்து, அரைப் பக்கக் கடிதம் கொடுத்தோம். "பழைய டெம்ப்ளேட் சார், கவனிக்கலை" என்றார் கிளை அதிகாரி. பொய் சொன்னதாக நினைக்கவில்லை. சுற்றறிக்கை வந்துவிடும், கம்ப்யூட்டரில் இருக்கும் படிவம் மாற நாளாகும்.

உத்யம் சான்றிதழையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்துக்கான வரம்பு முதலீட்டில் 25 கோடி, விற்றுமுதலில் 100 கோடி. முன்பு 10 கோடி, 50 கோடி. அதாவது 60 கோடி விற்றுமுதலால் 'நடுத்தர' வகைக்குப் போனவர், முதலீடும் வரம்புக்குள் இருந்தால் இப்போது 'சிறு'. மேலே சொன்ன சலுகை அவருக்கும் உண்டு. இது தெரியாமல் இன்னும் தன்னை நடுத்தரம் என்றே சொல்லிக்கொள்பவர்களைப் பார்க்கிறேன்.

அதே தேதியில், குறு, சிறு நிறுவனக் கடன்களுக்கு வங்கிகளுக்கு உத்தரவாதம் தரும் சிஜிடிஎம்எஸ்இ டிரஸ்ட்டின் உத்தரவாத வரம்பும் 5 கோடியிலிருந்து 10 கோடியானது. இங்கே ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: "கவர்மென்ட் கேரண்டி இருக்கே, கட்டலைன்னா அவங்க பார்த்துப்பாங்க." உத்தரவாதம் வங்கிக்கு, உங்களுக்கு அல்ல. டிரஸ்ட் வங்கிக்குப் பணம் கொடுத்த பிறகும் கடன் உங்கள் தலையில்தான். அதற்கான வருடாந்திரக் கட்டணத்தையும் பெரும்பாலும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள்.

அப்புறம் முத்ரா, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் கடன் திட்டம். 20 லட்சம் ஆக்கிவிட்டார்கள் என்று போனில் வந்த செய்தியைக் காட்டி, புதிதாகத் தொழில் தொடங்கவிருந்த பெண் ஒருவர் கேட்டார். 2024 அக்டோபரில் வந்த 'தருண் பிளஸ்' அது. ஏற்கெனவே முத்ராவில் 10 லட்சம் வரையிலான தருண் கடன் வாங்கி ஒழுங்காக அடைத்தவர்களுக்கு மட்டும். அவருக்கு வரம்பு 10 லட்சம்தான். அதைச் சொன்னதும், 18 லட்சத்துக்குப் போட்டு வைத்திருந்த மெஷின் கொட்டேஷனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சின்ன மெஷினுக்கு வேறு கொட்டேஷன் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.